டோனெபெசிலும் மெமாண்டினும் சேர்ந்தால் ஆபத்தா? அம்மாவின் மருந்துப் பையைக் கொட்டிப் பார்ப்போம்

கேள்வி இதுதான். அம்மாவுக்கு வயது 76. மூன்று வருடமாக அல்சைமர். இதுவரை டோனெபெசில் 10 மி.கி. போய்க்கொண்டிருந்தது. போன மாதம் நரம்பியல் மருத்துவர் மெமாண்டினும் சேர்ந்த மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார். இது போக பிரஷருக்கு மெட்டோப்ரோலால், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், முட்டி வலிக்கு அவ்வப்போது ஒரு மாத்திரை, ராத்திரி தூக்கத்துக்கு ஒன்று. மாற்றியதிலிருந்து தலை சுற்றுகிறது என்கிறார். ஒருநாள் குளியலறை வாசலில் தடுமாறி உட்கார்ந்துவிட்டார். இரண்டு மறதி மருந்தையும் சேர்த்துக் கொடுப்பதால்தான் இப்படியா? நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் தடுமாறி உட்கார்ந்ததை வயதுக் கோளாறு என்று விட்டுவிடவும் வேண்டாம். இந்த வாரமே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது. நினைவு தப்பி விழுந்தால், உடனே ஆஸ்பத்திரி. நான் ஆஸ்பத்திரி மருந்தாளுநர், மருத்துவர் இல்லை. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் வேலை. எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில், நீங்கள் சந்தேகப்படுகிற அந்த ஜோடியைப் பற்றி. டோனெபெசில், மூளையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. இருக்கிற அசிட்டைல்கோலின் இன்னும் கொஞ்ச நேரம் வேலை செய்கிறது. மெமாண்டின் வேறு வழியில் போகிறது: குளூட்டமேட் என்ற இன்னொரு வேதிப்பொருள் அளவுக்கு மீறித் தூண்டுவதை மட்டுப்படுத்துகிறது. முன்னதைக் கல்லீரல் கையாள்கிறது, பின்னது பெரும்பாலும் அப்படியே சிறுநீரில் வெளியேறுகிறது. ஒன்றின் அளவை மற்றொன்று ரத்தத்தில் ஏற்றுவதோ இறக்குவதோ இல்லை. அதனால்தான் இரண்டையும் ஒரே மாத்திரையில் அடைத்து விற்க முடிகிறது. அமெரிக்காவில் 2014-லேயே அப்படி ஒரு கேப்ஸ்யூலுக்கு அனுமதி கிடைத்தது. நம் ஊரில் டோனெபெசில் பிராண்டு பெயரின் வாலில் ‘எம்’ என்று சேர்த்துப் பல கம்பெனிகள் விற்கின்றன.

சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2004-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஏற்கெனவே டோனெபெசில் எடுத்துக்கொண்டிருந்த 404 பேரில் பாதிப் பேருக்கு மெமாண்டினும் மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையும் 24 வாரம் கொடுத்தார்கள். பக்கவிளைவு தாங்காமல் விலகியவர்கள் மெமாண்டின் பக்கம் 7.4 சதவீதம், போலி மாத்திரைப் பக்கம் 12.4 சதவீதம். அதாவது மெமாண்டின் சேர்ந்த பக்கத்தில்தான் விலகல் குறைவு. வயிற்றுப்போக்கும் அந்தப் பக்கத்தில் குறைவாகவே இருந்தது. டோனெபெசில் வயிற்றை இளக்கும், மெமாண்டின் கொஞ்சம் கட்டும். ஒன்றை ஒன்று சமன்செய்திருக்கலாம். ஆனால் மனக்குழப்பம் மெமாண்டின் பக்கம் 7.9 சதவீதம், மறுபக்கம் 2 சதவீதம். தலைவலியும் கூடுதல். ஆக, சேர்க்கை பொதுவாகத் தாங்கக்கூடியது. சிலருக்குக் குழப்பமும் தலைசுற்றலும் வரும், அதுவும் ஆரம்ப வாரங்களிலும் அளவு ஏறும்போதும்.

பலன் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த 2004 ஆய்வில் சேர்க்கைக்குப் பலன் தெரிந்தது. 2012-ல் பிரிட்டனில் 295 பேரை வைத்து நடத்திய டோமினோ ஆய்வில், டோனெபெசிலைத் தொடர்ந்தவர்களுக்கு மெமாண்டினையும் சேர்த்ததால் குறிப்பிடத்தக்க கூடுதல் நன்மை இல்லை என்று வந்தது. என் அபிப்பிராயம்: சேர்த்துக் கொடுப்பது தப்பில்லை, ஆனால் கட்டாயமும் இல்லை. ஆறு மாதம் கழித்து “இதனால் ஏதாவது தெரிகிறதா டாக்டர்?” என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அப்படியானால் தலைசுற்றல் எங்கிருந்து வந்தது? ஒரு வேலை செய்யுங்கள். அம்மா சாப்பிடுவது, பூசுவது, கண்ணில் விடுவது, எப்போதாவது வாங்குவது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மேஜையில் கொட்டுங்கள். என்னிடம் வருகிற குடும்பங்களை நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். நரம்பியல் மருத்துவர் எழுதிய சீட்டு மட்டும் போதாது; அவருக்குத் தெரியாதவை அந்தப் பையில்தான் கிடக்கும். மறதி மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவது அபூர்வம். மோதல் பெரும்பாலும் பையில் இருக்கிற மற்றவற்றோடுதான்.

உங்கள் பட்டியலில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது மெட்டோப்ரோலால். அது இதயத் துடிப்பை மெதுவாக்கும் மருந்து. டோனெபெசிலும் வேகஸ் நரம்பு வழியாக அதே வேலையைச் செய்யும். தனித்தனியாக இருக்கும்போது தாங்கிக்கொள்கிற இதயம் சில பேருக்கு இரண்டும் சேரும்போது ரொம்பவே நிதானமாகிவிடுகிறது. நிமிடத்துக்கு 48, 45 என்று இறங்கினால் நாற்காலியை விட்டு எழும்போது கண் இருட்டும், விழுவார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டிமென்ஷியா (மறதி நோய்) உள்ள முதியவர்களின் பதிவேடுகளை வைத்து 2009-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். டோனெபெசில் வகை மருந்து எடுத்தவர்களில், ஆயிரம் பேரை ஓர் ஆண்டு கவனித்தால் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்த நிகழ்வு சுமார் 31. எடுக்காதவர்களில் சுமார் 19. பேஸ்மேக்கர் வைத்ததும் இடுப்பெலும்பு முறிந்ததும் எடுத்தவர்களிடமே கூடுதல். அதிலேயே நினைவில் வைக்க வேண்டிய ஒரு விஷயம்: மயக்கம் மருந்தால் வந்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாவிட்டால், மருந்தைக் குறைத்துப் பார்ப்பதற்குப் பதில் பேஸ்மேக்கர் வைப்பதில் போய் முடியும்.

வீட்டில் பிரஷர் பார்க்கும் மிஷின் இருக்கிறதல்லவா? அதில் மூன்று எண் வரும். எல்லாரும் மேலே உள்ள இரண்டைத்தான் நோட்டில் எழுதுவார்கள். மூன்றாவது எண் நாடித்துடிப்பு. உங்கள் அம்மா விஷயத்தில் அதுதான் முக்கியம். காலையில் எழுந்ததும் ஒன்று, மதியம் ஒன்று என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். உட்கார்ந்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்று ஒரு நிமிடம் ஆனதும் ஒரு தடவை பிரஷரும் பாருங்கள். துடிப்பு 50-க்குக் கீழே போனாலோ, 60-க்குக் கீழே இருந்து தலைசுற்றலும் இருந்தாலோ, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாமல் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். ஒரு ஈசிஜி எடுத்துப் பார்க்கச் சொல்லுவார். டோனெபெசில் ஆரம்பிக்கும் முன்பே ஒன்று எடுத்திருந்தால், ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

இதையெல்லாம் படித்துவிட்டு மெட்டோப்ரோலாலை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். அதைத் திடீரென்று விட்டால் நெஞ்சுவலி, படபடப்பு, பிரஷர் எகிறுவது எல்லாம் வரலாம். பிரஷருக்கு மட்டும்தான் கொடுக்கிறார்கள், இதயத்தில் வேறு கோளாறு இல்லை என்றால், துடிப்பைத் தொடாத வேறு மருந்துகள் இருக்கின்றன. மருத்துவர் மெதுவாக மாற்றித் தருவார். அட்டெனோலால், டில்டியாஸெம், வெராபாமில், டிகாக்ஸின், அமியோடரோன், ஐவாப்ரடின் எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான். யாருக்கும் நினைவு வராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: கண் அழுத்தத்துக்கு விடுகிற டிமோலால் சொட்டு மருந்து. இரண்டு சொட்டுதானே என்று அதை மருந்துப் பட்டியலில் யாரும் எழுதுவதில்லை. ஆனால் அது மெட்டோப்ரோலாலின் உறவுக்காரன். கண்ணில் விட்டது ரத்தத்தில் கலந்து துடிப்பைக் குறைக்கும்.

மனச்சோர்வுக்காக யாராவது ஃப்ளூஆக்ஸெடின் அல்லது பராக்ஸெடின் எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். கல்லீரலில் டோனெபெசிலையும் மெட்டோப்ரோலாலையும் உடைப்பதில் பங்குள்ள ஒரு நொதியை அவை முடக்கிவிடும். மாத்திரை அளவு மாறாமலே இரண்டும் ரத்தத்தில் ஏறும். எஸ்சிட்டலோபிராம் அந்த விஷயத்தில் தேவலை. ஆனால் அது ஈசிஜியில் க்யூடி என்ற இடைவெளியை நீட்டக்கூடியது, டோனெபெசிலும் அப்படித்தான். அந்த இடைவெளி ரொம்ப நீண்டால் இதயம் தாறுமாறாகத் துடிக்க ஆரம்பிக்கும் அபாயம் உண்டு.

க்யூடி பேச்சு வந்ததால் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. டோனெபெசில் ஆரம்பித்ததும் நிறையப் பேருக்குக் குமட்டும், பசி போகும். உடனே பக்கத்து மெடிக்கலில் “கேஸ் மாத்திரை” என்று கேட்பார்கள். கையில் கிடைப்பது பெரும்பாலும் பேன்டப்ரஸோலோடு டாம்பெரிடோன் கலந்தது. பேன்டப்ரஸோலால் இங்கே சிக்கல் இல்லை. டாம்பெரிடோன்தான் க்யூடியை நீட்டுவது, அதுவும் வயதானவர்களிடம் அதிகம். அப்புறம் சளிக்கு அஸித்ரோமைசின், சிறுநீர்த் தொற்றுக்கு சிப்ரோஃப்ளாக்ஸசின் அல்லது லீவோஃப்ளாக்ஸசின், வாந்திக்கு ஒன்டான்செட்ரான் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். இவை எல்லாமே அதே வரிசைதான். ஒன்று சேர்ந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இரண்டு மூன்று சேர்ந்து, வயிற்றுப்போக்கில் பொட்டாசியமும் இறங்கியிருந்தால்தான் வம்பு. குமட்டலுக்கு மெட்டோகுளோபிரமைடு, லீவோசல்பிரைடு கொடுத்தாலும் வேறு தொல்லை: கை நடுக்கம், உடல் விறைப்பு. அதைப் பார்க்கின்சன் என்று நினைத்து அதற்கும் மருந்து ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்படி ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோயென்று நினைத்து, அதற்கு இன்னொரு மருந்து எழுதுவதுதான் இந்த நோயாளிகளுக்கு நேர்கிற பெரிய அநியாயம். சங்கிலி வழக்கமாகப் போகிற விதத்தைப் பாருங்கள். டோனெபெசில் சிறுநீர்ப்பையையும் தூண்டும்; பாட்டிக்கு அடக்க முடியாமல் போகிறது. சிறுநீரக மருத்துவரிடம் கூட்டிப் போகிறார்கள், அவர் ஆக்ஸிபியூட்டினினோ டால்டெரோடினோ எழுதுகிறார். அது அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்து. டோனெபெசில் மூளையில் எதைக் கூட்டப் பார்க்கிறதோ அதையே இது வெட்டுகிறது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதை. பாட்டிக்கு வாய் உலர்கிறது, மலம் கட்டுகிறது, குழப்பம் கூடுகிறது, ராத்திரி சுவரில் ஆள் நிற்கிறது என்கிறார். நோய் முற்றிவிட்டது என்று க்யூட்டியாபின் என்ற மனநோய் மருந்தைச் சேர்க்கிறார்கள். அதில் பிரஷர் இறங்கி, விடியற்காலை கழிவறைக்குப் போகும்போது விழுகிறார். முதல் மருந்தை 10-லிருந்து 5 மி.கி.யாகக் குறைத்துப் பார்த்திருந்தால் முடிந்திருக்கக்கூடிய விஷயம். இது கற்பனைச் சங்கிலி இல்லை. ஒன்டாரியோவிலேயே 2005-ல் வந்த இன்னொரு ஆய்வில், டிமென்ஷியா உள்ள முதியவர்களில் டோனெபெசில் வகை மருந்து எடுத்தவர்களுக்குச் சிறுநீர் அடக்கும் மாத்திரை எழுதப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு என்று பார்த்தார்கள். மருந்து கட்டாயம் வேண்டுமென்றால் மிராபெக்ரான் போல அசிட்டைல்கோலினைத் தொடாதது இருக்கிறது. அதில் பிரஷரைக் கவனிக்க வேண்டும்.

அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்துகள் சிறுநீரோடு நிற்பதில்லை. சீட்டில்லாமல் வாங்குகிறவற்றில்தான் இவை நிறைய. அரிப்புக்கும் சளிக்கும் வீட்டுக்கு வீடு இருக்கிற அவில், சளி மாத்திரைகளில் கலந்திருக்கும் குளோர்ஃபெனிரமின், இருமல் சிரப்பில் டைஃபென்ஹைட்ரமின், வயிற்று வலிக்குத் தருகிற டைசைக்ளோமின் கலந்த மாத்திரைகள், நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் அமிட்ரிப்டிலின், கை நடுக்கத்துக்கு ட்ரைஹெக்ஸிஃபெனிடில். இவற்றில் எதையும் அல்சைமர் உள்ளவருக்குப் பழக்கமாகக் கொடுக்கக் கூடாது. அவில் போட்டால் நன்றாகத் தூங்குகிறார் என்று ஒரு மகன் என்னிடம் பெருமையாகச் சொன்னார். தூங்குவார்தான். காலையில் தன் வீட்டையே அடையாளம் தெரியாமல் தேடுவார். அரிப்பு, தும்மல் என்றால் செட்ரிஸினோ ஃபெக்ஸோஃபெனடினோ பரவாயில்லை. செட்ரிஸினிலும் கொஞ்சம் தூக்கம் வரும்.

இருமல் சிரப்பில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் என்று லேபிளில் இருந்தால் மெமாண்டின் எடுப்பவருக்கு வேண்டாம். இரண்டும் மூளையில் ஒரே வாசலைத்தான் அடைக்கின்றன. சேர்ந்தால் குழப்பம், மாயத்தோற்றம் வரலாம். பார்க்கின்சனுக்குத் தருகிற அமன்டடினுக்கும், மயக்க மருந்தாகப் பயன்படும் கீட்டமினுக்கும் இதே காரணம் பொருந்தும். எந்த ஆபரேஷனுக்கும் முன்னால் மயக்க மருந்து நிபுணரிடம் இரண்டு மாத்திரையின் பெயரையும் சொல்லிவிடுங்கள். தசையைத் தளர்த்த அவர் போடும் சக்சினைல்கோலின் என்ற ஊசி, டோனெபெசில் உடம்பில் இருந்தால் கூடுதல் நேரம் நிற்கும்.

இனி மெமாண்டினும் சிறுநீரகமும். உங்கள் அம்மாவின் தலைசுற்றலுக்கு இரண்டாவது சந்தேகம் எனக்கு இங்கேதான். அம்மா 45 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கிரியாட்டினின் 1.2 என்று லேப் சீட்டில் வருகிறது. பெரிதாக ஒன்றுமில்லை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் வயது, எடை, கிரியாட்டினின், பெண் என்பது எல்லாவற்றையும் வைத்துச் சிறுநீரகம் சுத்திகரிக்கும் வேகத்தைக் கணக்குப் போட்டால் 28 வருகிறது. 30-க்குக் கீழே போனால் மெமாண்டின் ஒரு நாளைக்கு 10 மி.கி.க்கு மேல் போகக் கூடாது; வழக்கமான முழு அளவு 20. மெலிந்த, வயதான பெண்களிடம் இந்தக் கணக்கைப் போடாமல் விட்டால், மாத்திரைச் சீட்டு சரியாக இருந்தும் உடம்பில் மருந்து சேர்ந்துகொண்டே போகும். மெட்ஃபார்மின் அளவும் சிறுநீரகத்தைப் பொறுத்ததுதான். ஆகவே சமீபத்திய கிரியாட்டினின் சீட்டையும் இன்றைய எடையையும் கையோடு கொண்டுபோங்கள்.

மெமாண்டின் சிறுநீரில் வெளியேறும் வேகம், சிறுநீர் எவ்வளவு அமிலமாக இருக்கிறது என்பதையும் பொறுத்தது. சிறுநீர் காரமாக மாறினால் வெளியேறுவது வெகுவாகக் குறைந்து மருந்து தங்கிவிடும். நீர்க்கடுப்புக்கு வாங்கிக் குடிக்கிற சிட்ரேட் சிரப் இதைத்தான் செய்கிறது. சோடா உப்பும் அப்படியே. ஒரு நாள் ஒரு ஸ்பூனுக்குப் பயப்பட வேண்டாம். வாரக்கணக்கில் குடிப்பதுதான் பிரச்சினை. கண் அழுத்தத்துக்குத் தருகிற அசெட்டஸோலமைடும் இந்தக் கூட்டம்தான்.

இன்னொன்று, மெமாண்டினை எப்படி ஆரம்பித்தார்கள் என்று பாருங்கள். 5 மி.கி.யில் தொடங்கி வாரம் 5 ஆக ஏற்றுவதுதான் முறை. சேர்ந்த மாத்திரையில் முதல் நாளே 10 போயிருந்தால் தலைசுற்றலுக்கு அதுவே போதும். அதைவிட முக்கியமாக, பழைய டோனெபெசில் அட்டை இன்னும் வீட்டில் இருக்கிறதா? புது மாத்திரையிலும் டோனெபெசில் இருக்கிறது. பெயர் வேறு, நிறம் வேறு என்பதால் பழையதையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அப்போது ஒரு நாளைக்கு 20 மி.கி. ஆகிவிடும். இந்தத் தப்பை நான் அடிக்கடி பார்க்கிறேன். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிற மூலப்பெயரைப் படியுங்கள், பிராண்டு பெயரை அல்ல. வாந்தி, எச்சில் ஒழுகுதல், வியர்த்துக் கொட்டுதல், துடிப்பு இறங்குதல் எல்லாம் சேர்ந்து வந்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், கேலன்டமின் மூன்றும் ஒரே வகை. இவற்றில் இரண்டைச் சேர்த்துக் கொடுப்பது எந்தச் சூழ்நிலையிலும் சரியில்லை. ஊர் மருத்துவர் மாத்திரையும் சென்னை மருத்துவர் ஒட்டுப் பட்டையும் கொடுத்து இரண்டும் ஓடிக்கொண்டிருந்த வீடுகள் உண்டு. ரிவாஸ்டிக்மின் பட்டையில் தனியாக ஓர் அபாயம்: நேற்று ஒட்டியதைப் பிய்க்காமல் இன்று புதிதாக ஒன்றை ஒட்டுவது. முதுகில் ஒட்டுவதால் கண்ணில் படாது. இப்படிப் பல பட்டைகள் சேர்ந்து உயிர் போன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. பழையதை எடுத்து மடித்துக் குப்பையில் போட்ட பிறகுதான் புதியதன் உறையைப் பிரிக்க வேண்டும். மூன்று நாளுக்கு மேல் ஒட்டாமல் விட்டுவிட்டால் பழைய அளவிலேயே தொடரக் கூடாது. மருத்துவரைக் கேட்டுச் சிறிய அளவில் மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

முட்டி வலி மாத்திரை என்ன என்று நீங்கள் எழுதவில்லை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகையாக இருந்தால் கவனம். டோனெபெசில் வயிற்றில் அமிலத்தைக் கூட்டும், வலி மாத்திரை வயிற்றின் உட்சுவரை அரிக்கும். இரண்டும் சேர்ந்தால் புண்ணும் ரத்தக்கசிவும் வரும் வாய்ப்பு அதிகம். ஆஸ்பிரினும் இருந்தால் இன்னும் மோசம். அந்த வலி மாத்திரை சிறுநீரகத்தையும் கெடுத்து, மேலே சொன்ன மெமாண்டின் கணக்கையும் கெடுக்கும். மலம் கறுப்பாகத் தார் போலப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பாராசிட்டமாலும், முட்டியில் தடவுகிற ஜெல்லும் போதுமா என்று முதலில் பாருங்கள்.

மெட்ஃபார்மினோடு நேரடி மோதல் இல்லை. ஆனால் அதுவும் டோனெபெசிலும் வயிற்றைக் கலக்கி, பசியைக் கெடுத்து, எடையைக் குறைக்கக்கூடியவை. மாதம் ஒரு தடவை எடை பாருங்கள். மெட்ஃபார்மின் பல வருடம் எடுத்தால் பி12 குறையும், பி12 குறைந்தால் மறதியும் தள்ளாட்டமும் கூடும். மூன்று வருடமாகப் பார்க்கவில்லை என்றால் ஒரு தடவை பார்த்துவிடலாம்.

தூக்க மாத்திரை அல்பிரஸோலாம், குளோனஸெபாம் வகை என்றால், விழுவதற்கும் குழப்பத்துக்கும் அதுவே போதும். பல வருடமாக எடுத்திருந்தால் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். அதற்கு முன் ஒரு சுலபமான வழி இருக்கிறது. டோனெபெசிலை ராத்திரி கொடுக்கிறீர்களா? சிலருக்கு அது பயங்கரக் கனவுகளைக் கிளப்பித் தூக்கத்தைக் கெடுக்கும். மருத்துவரைக் கேட்டுக் காலைக்கு மாற்றிப் பார்த்தால் தூக்க மாத்திரையின் தேவையே குறையலாம்.

க்யூட்டியாபின், ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இந்த நோயில் ஏதோ ஒரு கட்டத்தில் அவை வரும். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்து மரண அபாயத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு புதிய மருந்துகளுக்கு 2005-லும், ஹாலோபெரிடால் போன்ற பழையவற்றுக்கு 2008-லும் மிகக் கடுமையான எச்சரிக்கை போட்டது. பத்து வாரச் சோதனைகளில் மருந்து எடுத்தவர்களில் இறந்தவர்கள் சுமார் 4.5 சதவீதம், போலி மாத்திரை எடுத்தவர்களில் 2.6 சதவீதம். கொடுக்கவே கூடாது என்பதல்ல. தன்னையோ பிறரையோ தாக்கும் அளவுக்குப் போனால் வேறு வழி இருக்காது. ஆனால் திடீரென்று கத்த ஆரம்பித்தவருக்கு முதலில் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, பல்வலி, புதிதாகச் சேர்த்த மருந்து இவற்றைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே போக வேண்டும். கொடுத்தாலும் குறைந்த அளவில், எத்தனை வாரம் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லூயி பாடி என்ற வேறொரு வகை டிமென்ஷியாவாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் ஹாலோபெரிடால் பக்கமே போகக் கூடாது.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் “புது ஊசி வந்திருக்கிறதே” என்று கேட்பார்கள். லெக்கனெமாப், டோனனெமாப் என்பவை மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை அகற்றும் மருந்துகள். அமெரிக்காவில் 2023-லும் 2024-லும் முழு அனுமதி பெற்றவை. ஆரம்பக் கட்ட நோய்க்குத்தான். மூன்று வருடமாகி இரண்டு மருந்துக்கு வந்துவிட்ட பல பேருக்குப் பொருந்தாது. டோனெபெசில், மெமாண்டினோடு இவற்றுக்குத் தகராறு இல்லை. தகராறு ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளோடுதான். லெக்கனெமாபின் பெரிய சோதனையில் சுமார் எட்டில் ஒருவருக்கு மூளையில் வீக்கம் தெரிந்தது, அறிகுறி இல்லாமல் ஸ்கேனில் மட்டும் தெரிந்தவர்களே அதிகம். ஆறில் ஒருவருக்கு ரத்தக்கசிவு, பெரும்பாலும் நுண்ணியது. ஏபிஓஇ4 என்ற மரபணு இரண்டு பிரதி இருந்தால் வீக்கம் மூன்றில் ஒருவருக்கு. இந்த ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒருவருக்குப் பக்கவாத அறிகுறி வந்து, ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்ததும் மூளையில் பெரும் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தது மருத்துவ இதழிலேயே வெளியானது. பிரிட்டன் அனுமதி கொடுத்தபோதே, உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்களுக்கும் அந்த மரபணு இரண்டு பிரதி உள்ளவர்களுக்கும் லெக்கனெமாப் வேண்டாம் என்று விலக்கிவிட்டது.

வல்லாரை, நீர்ப்பிரம்மி மாத்திரைகள் பற்றியும் கட்டாயம் யாராவது கேட்பீர்கள். வல்லாரைத் துவையல் தாராளமாகச் சாப்பிடலாம். செறிவூட்டிய நீர்ப்பிரம்மி மாத்திரை வேறு. ஆய்வுக்கூடத்தில் டோனெபெசில் தடுக்கும் அதே நொதியை அது தடுப்பதாகத் தெரிகிறது. இரண்டும் சேர்ந்தால் வயிறும் இதயமும் தாங்குமா என்று தெரியாததால், மருத்துவரிடம் சொல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். ஜின்கோ என்ற மூலிகை மாத்திரை, ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு வேண்டாம்.

டோனெபெசில் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 70 மணி நேரம் ஆகும், மெமாண்டினும் கிட்டத்தட்ட அப்படித்தான். அதனால் அளவை மாற்றியதன் விளைவு மறுநாளே தெரியாது. இரண்டு, மூன்று வாரம் கழித்து முழுசாகத் தெரியும். “மாத்திரை மாற்றி இருபது நாள் ஆச்சே, அதனால் இருக்காது” என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு நாள் மறந்துபோனால் மறுநாள் இரண்டாகக் கொடுக்கவும் வேண்டாம்.

நிறுத்தலாமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். துடிப்பு அபாயமாக இறங்கினால், ரத்தக்கசிவு வந்தால், மருத்துவர் உடனே நிறுத்தச் சொல்வார்; அது வேறு. மற்றபடி நிறுத்திப் பார்க்க முடிவானால் இரண்டையும் ஒரே நேரத்தில் தொடக் கூடாது. ஒன்றைப் பாதியாக்கி நாலு வாரம் பார்ப்பது, அப்புறம் அடுத்த படி என்று போவதுதான் முறை. டோமினோ ஆய்வில் டோனெபெசிலை நிறுத்தியவர்கள், தொடர்ந்தவர்களைவிட முதல் வருடத்தில் அதிகமாக முதியோர் காப்பகத்துக்குப் போனார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். குறைத்த சில வாரத்தில் பேச்சு, நடமாட்டம், சாப்பாடு தெளிவாகச் சரிந்தால் மருத்துவர் பழையபடி ஆரம்பிப்பார். உங்கள் அம்மாவுக்கு இப்போது தருவது சேர்ந்த மாத்திரை என்பதால் அதில் ஒன்றை மட்டும் குறைக்க வழியில்லை. அடுத்த முறை போகும்போது டோனெபெசிலையும் மெமாண்டினையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.